கிட் குளோன் அடித்தால் ஃபோல்டர் பிழை: முதலில் எங்கே பார்ப்பது

திருமலையில் கோடிங் பழகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, குளோன் ஆகுதில்லை." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும், அதில் முக்கியமான வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். கிட் என்பது ஒரு ப்ராஜெக்ட்டில் செய்கிற மாற்றங்களை வரலாறாகச் சேமித்து வைக்கிற கருவி, அப்படிச் சேமித்த ப்ராஜெக்ட்டுக்கு ரெப்போ என்று பெயர், இணையத்தில் இருக்கிற ரெப்போவை நம் கம்ப்யூட்டருக்கு இறக்குவதுதான் குளோன். கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவர்கள், ஏ.எல். முடித்துவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டிலிருந்து வெப்சைட் செய்யப் பழகுகிறவர்கள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் டவுனுக்கு வகுப்புக்கு வருகிறவர்கள் என்று எல்லோரும் முதலில் தடுக்குகிற இடம் இது. உடனே இணையத்தைக் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் கிட்டையே அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது, ஏனென்றால் ஃபோல்டர் பிழை என்பது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே, நீங்கள் நிற்கிற இடத்திலேயே நடக்கிற விஷயம்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற ஜன்னலில், அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் குளோன் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். "கிட் குளோன்" என்று அடித்து ரெப்போவின் முகவரியை ஒட்டி என்டர் தட்டியதும் மூன்று வேலைகள் வரிசையாக நடக்கின்றன. டெர்மினல் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அதற்குள், முகவரியின் கடைசித் துண்டை எடுத்து அதே பெயரில் ஒரு புது ஃபோல்டரை உண்டாக்குகிறது. அப்புறம் அதற்குள் "டாட் கிட்" என்ற மறைவான ஃபோல்டர் ஒன்றை வைத்து, அந்த ப்ராஜெக்ட்டின் வரலாறு முழுவதையும் இணையத்திலிருந்து இறக்கி அதற்குள் போடுகிறது. கடைசியாக அந்த வரலாற்றிலிருந்து இன்றைய நிலையில் உள்ள ஃபைல்களை எடுத்து நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே அடுக்குகிறது, இதற்குத்தான் செக்அவுட் என்று பெயர். பிழை வந்தால் அது இந்த மூன்றில் எந்த இடத்தில் வந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவதில் வந்தால் இடமோ அனுமதியோ சரியில்லை, இரண்டாவதில் வந்தால் இணையம் அல்லது டிஸ்க்கில் இடம் போதவில்லை, மூன்றாவதில் வந்தால் அநேகமாக ஃபைல் பெயரில் சிக்கல்.

எதற்கும் முன்னால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். பீ, டபிள்யூ, டீ (பிரின்ட் வொர்க்கிங் டிரெக்டரி) என்ற மூன்று எழுத்தை அடித்தால் விண்டோஸ் டெர்மினல்களான கிட் பாஷிலும் பவர்ஷெல்லிலும், லினக்ஸிலும் மாக்கிலும் தற்போதைய ஃபோல்டரின் முழு முகவரி வரும். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ட் என்றால் சீ, டீ என்று மட்டும் அடித்தால் போதும். இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் டெர்மினல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திறப்பதில்லை. கமாண்ட் ப்ராம்ட்டைச் சாதாரணமாகத் திறந்தால் உங்கள் யூசர் ஃபோல்டரில் நிற்கும், அதையே அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் விண்டோஸுக்குள் இருக்கிற சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் நிற்கும். விஷுவல் ஸ்டூடியோ கோடின் டெர்மினலோ கடைசியாகத் திறந்து வைத்த ப்ராஜெக்ட்டுக்குள் நிற்கும். பிழை ஒன்றுமே வராமல் குளோன் முடிந்து, பிறகு "ஃபோல்டரைக் காணவில்லை" என்று தேடுகிறவர்களுக்கும் பதில் இதுதான். குளோன் ஆகியிருக்கும், நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது, அவ்வளவுதான்.

சரி, இனிப் பிழைகள். புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்வது "டெஸ்டினேஷன் பாத் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ் அண்ட் இஸ் நாட் ஆன் எம்ப்டி டிரெக்டரி" என்பதில்தான். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆள் குடியிருக்கிற வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்க மாட்டேன் என்று கிட் சொல்கிறது, அது நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் உங்கள் பழைய வேலையின் மேலேயே புதியதை எழுதிவிடும். ஃபோல்டர் காலியாக இருந்தால் கிட் மறுக்காது, உள்ளே ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இருந்தால்தான் மறுக்கும்.

ஆனால் "நான் இதற்கு முன் குளோன் பண்ணவே இல்லையே, அந்த ஃபோல்டர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் பாதியில் நின்றுபோன பழைய குளோன். சாதாரணமாக இணையம் அறுந்தாலோ, நீங்கள் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினாலோ, கிட் தான் உண்டாக்கிய ஃபோல்டரைத் தானே துடைத்துவிட்டுத்தான் வெளியேறும். கரண்ட் போனால் அதற்கு அவகாசம் கிடைக்காது. வடகீழ்ப் பருவமழை நேரத்தில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஒரு பெரிய ரெப்போ இறங்கிக்கொண்டிருக்கும்போது பட்டென்று கரண்ட் போனால், பாதி நிரம்பிய ஃபோல்டர் அப்படியே கிடக்கும், கரண்ட் வந்து நீங்கள் திரும்ப குளோன் அடித்ததும் இந்தப் பிழை வரும்.

அந்த ஃபோல்டரை உடனே அழித்துவிடாதீர்கள். உள்ளே போய் "கிட் ஸ்டேட்டஸ்" அடித்துப் பாருங்கள். "நோ கமிட்ஸ் யெட்" என்று வந்து, உங்கள் ஃபைல் எதுவும் இல்லை என்றால் அது பாதியில் நின்ற குளோன்தான், தைரியமாக அழிக்கலாம். மாறாக உங்கள் கையால் எழுதிய ஒரு ஃபைலாவது உள்ளே தெரிந்தால், அழிக்காமல் ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு குளோன் செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கிற பதில்களில் அழிக்கிற ஆர்எம் கட்டளையை ஃபோர்ஸ் என்ற விருப்பத்தோடு (ஆப்ஷனோடு) அடிக்கச் சொல்லி இருக்கும், அது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் நேரே அழித்துவிடும். புதியவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், இரண்டு கிழமை எழுதிய அசைன்மென்ட் போனால் அது திரும்பி வராது.

பழைய ஃபோல்டரும் வேண்டும், புதியதும் வேண்டும் என்றால் இன்னும் லேசான வழி உண்டு. ரெப்போ முகவரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு நீங்கள் விரும்புகிற புதுப் பெயரைக் கொடுங்கள், கிட் அந்தப் பெயரில் ஃபோல்டர் உண்டாக்கும். பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளி மட்டும் வைத்தால் "இப்போது நிற்கிற இதே ஃபோல்டருக்குள் போடு" என்று அர்த்தம், அதற்கு இந்த ஃபோல்டர் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தாலும் மறைவான ஃபைல் இருக்கலாம்: மாக்கில் டிஎஸ் ஸ்டோர், விண்டோஸில் டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ. கிட் பாஷில் "எல்எஸ்" கட்டளையோடு ஒரு சிறு கோடும் ஏ எழுத்தும் சேர்த்து அடித்தால் புள்ளியில் தொடங்குகிறவையும் தெரியும்.

பெயரில் இடைவெளி விடுகிற பழக்கமும் இங்கே கழுத்தைப் பிடிக்கும். புதுப் பெயராக "பஸ் டைம்" என்று இரண்டு சொல் கொடுத்தால் கிட் அதை இரண்டு தனித்தனிச் சொற்களாக எடுத்துக்கொண்டு "டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்" என்று நின்றுவிடும். மேற்கோள்குறிக்குள் போடுங்கள், அல்லது நடுவில் சிறு கோடு போடுங்கள். என் ஆலோசனை, கோடிங் ஃபோல்டர்களுக்கு இடைவெளியே வேண்டாம்.

முன்பொருமுறை அவசரத்தில் இறக்கப் பார்த்து, கரண்டோ சிக்னலோ போய்த் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது என்பவர்களுக்கு ஒன்று. நின்ற குளோனை விட்ட இடத்திலிருந்து தொடர கிட்டில் வழி இல்லை. அதனால் டேட்டா கார்டில் ஓட்டுகிறவர்கள் குளோன் கட்டளையில் இரட்டைக் கோடு போட்டு "டெப்த் 1" என்று சேருங்கள். கடைசி நிலை மட்டும் இறங்கும், பழைய வரலாறு இறங்காது, பெரிய ப்ராஜெக்ட்களில் வித்தியாசம் மிக அதிகம். முழு வரலாறு பின்னால் தேவைப்பட்டால் "கிட் ஃபெட்ச்" கட்டளையோடு "அன்ஷாலோ" என்ற விருப்பத்தைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது "குட் நாட் கிரியேட் வொர்க் ட்ரீ டிர்" என்று தொடங்கி "பெர்மிஷன் டினைட்" என்று முடிகிற பிழை. அந்த இடத்தில் ஃபோல்டர் உண்டாக்க உங்களுக்கு அனுமதி இல்லை. விண்டோஸில் என்றால் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயோ சிஸ்டம்32க்குள்ளேயோ நிற்கிறீர்கள், லினக்ஸில் என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு வெளியே எங்கோ நிற்கிறீர்கள். இடத்தை மாற்றுங்கள், அதிகாரத்தைக் கூட்டாதீர்கள். லினக்ஸில் கட்டளைக்கு முன்னால் சூடோ (அதிகாரத்தைக் கூட்டி ஓட்டவைக்கிற சொல்) சேர்த்து அடித்தால் குளோன் ஆகிவிடும், உண்மைதான், ஆனால் அந்த ஃபோல்டரும் உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் ரூட் என்ற தலைமைப் பயனரின் பெயரில் இருக்கும், நாளைக்கு நீங்கள் ஒரு வரியை மாற்றி சேவ் செய்யப் போனால் முடியாது. ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் சிஎச்ஓன் கட்டளையால் ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றலாம், ரெப்போ சிறியது என்றால் அழித்துவிட்டுச் சூடோ இல்லாமல் திரும்ப இறக்குவது இன்னும் சுத்தம்.

உரிமை என்றதும் இன்னொன்று. "டிடெக்டட் டூபியஸ் ஓனர்ஷிப்" என்று வருகிற பிழைக்குக் காரணமான சோதனை 2022 ஏப்ரலில் வெளியான கிட் 2.35.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பாவிக்கிற இடங்களில், வேறொருவர் மேல் ஃபோல்டரில் ஒரு டாட் கிட் ஃபோல்டரை வைத்து, அதன் அமைப்புகள் வழியாக உங்கள் பெயரில் தன் கட்டளையை ஓட்டவைக்கக்கூடிய ஒரு பாதுகாப்பு ஓட்டை அப்போது அடைக்கப்பட்டது. அதிலிருந்து ஃபோல்டரின் சொந்தக்காரர் வேறு ஆள் என்றால் கிட் வேலை செய்ய மறுக்கும். ஸ்கூல் லேபிலும் டியூஷன் வகுப்பிலும் இது அடிக்கடி வரும், லேபில் குளோன் செய்து பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் வரும், ஏனென்றால் பென்டிரைவுகளில் வழக்கமாக இருக்கிற ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகள் ஃபைல் யாருடையது என்பதைப் பதிவுசெய்வதே இல்லை. பிழைச் செய்திக்குள்ளேயே "சேஃப் டாட் டிரெக்டரி" என்று முடிகிற ஒரு கட்டளை இருக்கும், அந்த ஃபோல்டர் உங்களுடையதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் அதை அப்படியே அடியுங்கள். முகவரிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா ஃபோல்டரையும் நம்பச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம், பொதுக் கம்ப்யூட்டரில் அதைச் செய்யவே வேண்டாம். முடிந்தால் பென்டிரைவில் வைத்து வேலை செய்வதையும் விட்டுவிடுங்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு குளோன் எடுத்து, புஷ் (மாற்றங்களை மேலே அனுப்புவது), புல் (கீழே எடுப்பது) என்று இரண்டு குளோனையும் ஒரே நிலையில் வைப்பதற்குத்தானே கிட் இருக்கிறது.

இனி மூன்றாம் கட்டம், எனக்கு மிகவும் சுவாரசியமான இடம். "குளோன் சக்சீடெட், பட் செக்அவுட் ஃபெயில்ட்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், இறக்க வேண்டியது எல்லாம் இறங்கிவிட்டது, டேட்டா வீணாகவில்லை. வெளியே அடுக்கும்போது ஏதோ ஒரு ஃபைலை உங்கள் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அது எது என்பது இந்த வரிக்கு மேலே எழுதியிருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான்.

"ஃபைல்நேம் டூ லாங்" என்றால் முகவரி நீண்டுவிட்டது. விண்டோஸில் பழைய வழக்கப்படி ஒரு ஃபைலின் முழு முகவரி 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும், இதில் சீ டிரைவிலிருந்து ஃபைலின் கடைசி எழுத்துவரை எல்லாம் கணக்கு. யூசர் ஃபோல்டர், அதற்குள் ஒன்டிரைவ், அதற்குள் டெஸ்க்டாப், அதற்குள் நியூ ஃபோல்டர், அதற்குள் இன்னொரு நியூ ஃபோல்டர் என்று போய் அங்கே குளோன் அடித்தால், ரெப்போவுக்கு மிஞ்சுவது கொஞ்ச எழுத்துதான். "கிட் கான்ஃபிக்" மூலம் "கோர் டாட் லாங்பாத்ஸ்" என்பதை ட்ரூ ஆக்கினால் கிட் நீண்ட முகவரியையும் எழுதும். ஆனால் அதே ஃபைலைத் திறக்கிற வேறு மென்பொருள்கள் திணறலாம், அதனால் டிரைவின் அடியிலேயே கோட் என்றோ வேலை என்றோ சின்னதாக ஒரு ஃபோல்டர் வைத்து எல்லா ரெப்போவையும் அங்கே இறக்குங்கள். அப்படிச் செய்தால் ஒன்டிரைவ் தொல்லையும் போகும். பல லேப்டாப்களில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் நமக்குத் தெரியாமலே ஒன்டிரைவோடு இணைந்திருக்கும், அங்கே ரெப்போவை வைத்தால் டாட் கிட்டுக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை அது மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். கிட் எழுதும்போது இடையில் ஃபைலைப் பிடித்துவைத்து வேறு பிழைகளையும் உண்டாக்கும், உங்கள் டேட்டாவையும் தின்றுவிடும்.

"இன்வாலிட் பாத்" என்றால் விண்டோஸ் ஏற்காத பெயர். லினக்ஸில் உட்கார்ந்து ஒருவர் திருமலை - கொழும்பு பஸ் நேரங்களை ஃபைல்களாக வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்கிறார் என்று வைப்போம், ஒரு ஃபைலுக்கு "காலை 6:30" என்று பெயர் வைத்திருக்கிறார். லினக்ஸுக்கு அது சாதாரணப் பெயர், விண்டோஸில் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி கூடாது, கேள்விக்குறியும் நட்சத்திரக் குறியும் கூடாது, பெயர் புள்ளியிலோ இடைவெளியிலோ முடியவும் கூடாது. ஏயூஎக்ஸ், கான், பிஆர்என், நல் போன்ற சில பெயர்கள் பழைய டாஸ் காலத்திலிருந்தே சாதனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை, பின்னால் எந்த எக்ஸ்டென்ஷன் போட்டாலும் செல்லாது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஏயூஎக்ஸ் டாட் சி என்று ஃபைல் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதியதே அந்தக் கெர்னலுக்காகத்தான், அதையே விண்டோஸில் குளோன் செய்தால் செக்அவுட் இந்த மாதிரிப் பெயரில் தடுக்கும். உங்களால் செய்யக்கூடியது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டவைக்கிற டபிள்யூஎஸ்எல்லில் அதன் சொந்த ஹோம் ஃபோல்டருக்குள் குளோன் செய்வது, அல்லது ப்ராஜெக்ட்காரரிடம் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்பது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து மோதலும் இதே குடும்பம். லினக்ஸில் ஒரே ஃபோல்டரில் ஒரே ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என்று இரண்டு ஃபைலாக வைக்கலாம். விண்டோஸும் மாக்கும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால் ஒன்று மட்டும்தான் மிஞ்சும், கிட் "கொலைடெட்" என்று எச்சரித்துவிட்டு முடித்துவிடும். குளோன் முடிந்தமாதிரி இருக்கும், நீங்கள் ஒன்றும் தொடாமலே ஒரு ஃபைல் மாறியிருக்கிறது என்று ஸ்டேட்டஸ் காட்டும்.

நம் ஆட்கள் தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், கிட் அதைக் கெடுக்காது. ஆனால் ஸ்டேட்டஸ் அடித்தால் தமிழுக்குப் பதில் பின்சாய்வுக் கோடும் மூன்று மூன்று இலக்கங்களுமாக வரும், ரெப்போ உடைந்துவிட்டது என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள், ஐயோ என்றிருக்கும். அது காட்டுகிற விதம் மட்டும்தான், "கோர் டாட் க்வோட்பாத்" என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். இன்னொன்று, லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், உயிர்மெய்யில் வருகிற கொம்பும் காலும் விசிறியும் தனிக் குறியீடு. திருகோணமலை என்ற ஒரு சொல்லிலேயே 10 குறியீடு, அதாவது 30 பைட் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் பிரச்சினையில்லாத நீளமான தலைப்பு தமிழில் "டூ லாங்" ஆவது இதனால்தான். தலைப்பை ஃபைலுக்கு உள்ளே முழுதாக எழுதிக்கொண்டு, பெயரைச் சுருக்கமாக வையுங்கள்.

எந்தப் பெயரால் தடுக்கியது என்று பார்த்து, முடிந்ததைச் சரிசெய்த பிறகு திரும்ப முழுவதையும் இறக்க வேண்டாம். பிழைச் செய்தியின் கடைசியிலேயே "கிட் ரெஸ்டோர்" என்று தொடங்குகிற கட்டளை இருக்கும், ஃபோல்டருக்குள் போய் அதை அடித்தால் விட்டுப்போன ஃபைல்களை அடுக்கிவிடும்.

குளோன் நன்றாக முடிந்த பிறகு வருபவை லேசானவை. "நாட் எ கிட் ரெப்பாசிட்டரி" என்றால் குளோன் செய்த ஃபோல்டருக்குள் சீ, டீ அடித்துப் போகாமல் வெளியே நின்றுகொண்டு கட்டளை அடிக்கிறீர்கள். உள்ளே ஒரு ஃபோல்டர் மட்டும் காலியாக இருக்கிறது என்றால் அது சப்மொடியூல், வேறொரு ரெப்போவை உள்ளே இணைத்திருக்கிறார்கள், "கிட் சப்மொடியூல் அப்டேட்" கட்டளையோடு "இனிட்", "ரிகர்சிவ்" என்ற இரண்டு விருப்பங்களையும் கொடுத்தால் நிரம்பும். "எம்பெடெட் கிட் ரெப்பாசிட்டரி" என்று எச்சரிக்கை வந்தால் ஒரு ரெப்போவுக்குள் நின்றுகொண்டே இன்னொன்றை குளோன் செய்துவிட்டீர்கள், உள்ளே இருப்பதை வெளியே நகர்த்திவிடுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் சரிவரவில்லை என்றால் தயங்காமல் யாரிடமாவது கேளுங்கள், ஆனால் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். நீங்கள் அடித்த கட்டளை, பீ டபிள்யூ டீ காட்டிய முகவரி, பிழைச் செய்தியின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, மூன்றையும் எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள். அனுப்பும் முன் ரெப்போ முகவரியை ஒருதரம் பாருங்கள், பிரைவேட் ரெப்போ என்றால் சிலர் டோக்கனை (பாஸ்வேர்ட் போன்ற ரகசிய எழுத்து வரிசையை) முகவரிக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள், அது வாட்ஸ்அப் குரூப்பில் போனால் உங்கள் கணக்கின் சாவி எல்லோர் கையிலும் இருக்கும். அப்படித் தவறிப் போய்விட்டால் மெசேஜை அழிப்பதோடு நிற்காமல் அந்த டோக்கனையே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.